மயக்கத்தில் விடுபட்ட 13 நிமிடங்கள்

அன்புள்ள ஐயா,

1862இல் ஆங்கிலேய வானிலை ஆய்வாளர் கிளெய்ஷர் பலூனில் 37,000 அடி ஏறினார் என்று எழுதியிருந்தீர்கள். வழியில் மயங்கிவிட்டார் என்றும் அதே கட்டுரையில் வருகிறது. மயங்கிக் கிடந்தவர் உயரத்தை எப்படி அளந்தார்? என் மாணவி கேட்டாள். எனக்குப் பதில் தெரியவில்லை.

இயற்பியல் ஆசிரியர், தாராபுரம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

உங்கள் மாணவி என்னை மடக்கிவிட்டாள். ‘ஏறினார்’ என்று நான் எழுதியது தவறு. ‘ஏறியதாகக் கணக்கிட்டார்’ என்பதே சரி.

செப்டம்பர் 5 அன்று இங்கிலாந்தின் வுல்வர்ஹாம்ப்டனில், நிலக்கரி வாயு நிரப்பிய பலூனில் கிளெய்ஷரும் பலூனை ஓட்டிய காக்ஸ்வெல்லும் கிளம்பினார்கள். கிளெய்ஷர் கண்ணால் பார்த்த கடைசிக் காற்றழுத்தமானி அளவு 9.75 அங்குலம். தரையில் 30 அங்குலம் நிற்கும் பாதரசம் அது. உயரம் சுமார் 29,000 அடி. பிறகு மேசைமேல் கிடந்த கையைத் தூக்க முடியவில்லை, தலை தோளில் சாய்ந்தது, பார்வையும் போயிற்று.

கணக்கு இதுதான்: மயங்குமுன் பலூன் நிமிடத்துக்கு 1,000 அடி ஏறிக்கொண்டிருந்தது. மீண்டும் குறிப்பெடுத்தபோது 2,000 அடி வேகத்தில் இறங்கிக்கொண்டிருந்தது. இடைவெளி 13 நிமிடம். இவற்றை வைத்துத்தான் உச்சி 37,000 அடி என்று கணக்கிட்டார். இதில் ஓர் ஓட்டை இருக்கிறது. மேலே எறிந்த பந்து உச்சியில் வேகமிழந்துதான் திரும்பும், பலூனும் அப்படித்தான். அதே வேகத்தில் ஏறி, சட்டென்று முழுவேகத்தில் இறங்கியதாக வைத்துக்கொண்டால் உயரம் கூடுதலாகத்தான் வரும். பயணத்தில் எட்டிய மிகக் குறைந்த வெப்பநிலையைக் காட்டி நிற்கும் வெப்பமானியையும், காக்ஸ்வெல் அரைகுறையாகப் பார்த்து வைத்த அழுத்தமானி முள்ளையும் கிளெய்ஷர் துணைக்கு அழைத்தார். எனக்கு நம்பிக்கை வரவில்லை. பின்னால் வந்த பலரும் அந்த உயரத்தைக் குறைத்தே மதிப்பிட்டார்கள். 37,000 அடி நம் பயணிகள் விமானம் பறக்கும் உயரம் அல்லவா! இவர்களிடம் ஆக்சிஜன்கூட இல்லை.

ஆனால் 29,000 அடி வரையிலான குறிப்புகளில் குறை சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. கிரீனிச் வானாய்வகத்து மனிதர். மயக்கம் தெளியும்போது அவர் காதில் விழுந்தவை ‘வெப்பநிலை’, ‘அளவீடு’ என்ற சொற்கள். அவரை எழுப்பக் காக்ஸ்வெல் சொல்லிக்கொண்டிருந்தவை அவை.

காக்ஸ்வெல்லின் நிலைமை அதைவிட மோசம். வாயுவை வெளியேற்றும் கயிறு சிக்கிக்கொண்டதால் கூடைக்கு மேலிருந்த வளையத்தில் ஏறினார். குளிரில் கைகள் கறுத்து மரத்துப்போயின. கயிற்றைப் பல்லால் கடித்துத் தலையை இரண்டு மூன்று தடவை கீழே இழுத்தார். அதன்பின்தான் பலூன் இறங்கியது. விழித்தெழுந்த கிளெய்ஷர் அந்தக் கைகளில் பிராந்தி ஊற்றினார்.

கட்டுரையில் அந்த வாக்கியத்தைத் திருத்திவிட்டேன். காக்ஸ்வெல் பெயரே அதில் இல்லை என்பதை உங்கள் கடிதத்துக்குப் பின்தான் கவனித்தேன், அதையும் சேர்த்துவிட்டேன்.