டப்பாவின் அடியில் இருப்பது

அன்புள்ள அக்கா,

வங்கியில் வேலை பார்க்கிறேன். மார்ச் மாதம் முழுக்க வீடு வந்து சேர ஒன்பது மணி ஆகிறது. படுத்தால் கண்ணுக்குள் கணக்குதான் ஓடுகிறது. மனது சரியில்லாத நாளில் பழமும் பருப்பும் போட்டு ஒரு கேக் செய்வேன் என்று நீங்கள் எழுதியிருந்தீர்கள். நானும் செய்து பார்த்தேன். முந்திரியும் திராட்சையும் அடியில் போய்த் தங்கிவிட்டன, நடுவில் வேகவில்லை. என்னிடம் ஓவன் இல்லை, குக்கரில்தான் வைத்தேன். கிராம் கணக்குப் பார்த்துச் செய்வதும் ஆபீஸ் வேலை மாதிரியே இருக்கிறது. வீட்டில் இருப்பதை வைத்துச் செய்தால் வராதா?

ஒரு வாசகி, கோவை

அன்புள்ள சகோதரி,

வரும். இந்தியாவின் முதல் கிறிஸ்துமஸ் கேக் என்று சொல்லப்படுவதே அப்படி வந்ததுதான். 1883இல் கேரளத்துத் தலச்சேரியில் பேக்கரி வைத்திருந்த மம்பள்ளி பாப்புவிடம், மர்டாக் பிரவுன் என்ற தோட்ட முதலாளி இங்கிலாந்திலிருந்து கொண்டுவந்த கேக்கைக் காட்டி, இதேபோல் வேண்டும் என்றாராம். பக்கத்து ஊரான மாஹேயிலிருந்து பிராந்தி வாங்கிச் சேர்க்கச் சொல்லியிருக்கிறார். பாப்புவோ முந்திரிப்பழமும் கதலிப்பழமும் போட்டு ஊரில் வடித்த மதுவை ஊற்றினார் என்கிறார்கள். பிரவுன் ருசி பார்த்துவிட்டு இன்னும் ஒரு டஜன் கேட்டாராம்.

போன மாதம் அம்மாவை ஆஸ்பத்திரியிலிருந்து கூட்டிவந்த அன்று எனக்கும் தூக்கம் வரவில்லை. அடுப்படிக்குப் போய் டப்பாக்களைத் திறந்தேன். பதினைந்து பேரீச்சை, பொங்கலுக்கு வாங்கியதில் மிஞ்சிய முந்திரி உடைசல், கொஞ்சம் உலர் திராட்சை, அரை பாக்கெட் டூட்டி ஃப்ரூட்டி, ஒரு பிடி வேர்க்கடலை. போதும் என்று உட்கார்ந்தேன்.

பேரீச்சையைக் கீறிக் கொட்டையை எடுத்தால் விரலெல்லாம் பிசுபிசுக்கும். கத்தியை வெந்நீரில் நனைத்து நனைத்துத்தான் நறுக்க வேண்டும். அவசரப்பட்டால் துண்டு கத்தியோடு வந்துவிடும். அந்தக் கையால் போனைத் தொட முடியாது. இருபது நிமிடம் இப்படிப் போனதும், அதுவரை இறுகிக்கிடந்த தோள் தானாக இறங்கியது. எனக்கு ஓய்வு அந்த இருபது நிமிடம்தான். அதனால் நறுக்கி விற்கும் பருப்பை மட்டும் வாங்காதீர்கள்.

மாற்றக் கூடாதது கொஞ்சம்தான். ஒன்றரைக் கப் கோதுமை மாவுக்கு ஒரு டீஸ்பூன் பேக்கிங் பவுடர், அரை டீஸ்பூன் ஆப்ப சோடா, அரைக் கப் தயிர். புளிப்பு இல்லாவிட்டால் சோடா சரியாக வேலை செய்யாது, வாடைதான் நிற்கும். அரைக் கப் எண்ணெய், முக்கால் கப் வெல்லத்தூள். பேரீச்சையில் பாதியைச் சூடான பாலில் ஊறவைத்து அரைத்து ஊற்றினால் நிறமும் வந்துவிடும். மற்றதெல்லாம் உங்கள் இஷ்டம். ஆரஞ்சுத் தோல் துருவல், சுக்கு, ஏலக்காய், எது இருக்கிறதோ அது.

பருப்பு அடியில் தங்கியதற்குக் காரணம் மாவு இளகிப்போனதுதான். இட்லி மாவு மாதிரி ஓடக் கூடாது; கரண்டியைச் சாய்த்தால் தயங்கித் தயங்கிக் கட்டியாக விழ வேண்டும். அதற்கேற்பப் பாலைக் குறைத்துக்கொள்ளுங்கள். முந்திரியைச் சின்னதாக உடைத்து, திராட்சையை ஈரம் போகத் துடைத்து, ஒரு ஸ்பூன் உலர்ந்த கோதுமை மாவில் புரட்டிக் கடைசியில் சேருங்கள். மாவு இளகலாக இருந்தால் எவ்வளவு புரட்டினாலும் பலன் இருக்காது.

நடுவில் வேகாதது தீயின் கோளாறு. அடி கனமான பழைய குக்கரில் உப்பைப் பரப்பி, கேஸ்கட்டும் வெயிட்டும் இல்லாமல் பத்து நிமிடம் சூடாக்குங்கள். அப்புறம் மாவு ஊற்றிய பாத்திரத்தை ஸ்டாண்டின் மேல் வைத்து, தீயை நன்றாகக் குறைத்துவிடுங்கள். நாற்பது நிமிடத்துக்கு முன் திறக்கவே வேண்டாம். பிறகு ஈர்க்குச்சியால் குத்திப் பார்க்கலாம். ஒட்டாமல் வந்தால் வெந்துவிட்டது.

சூட்டோடு வெட்டினால் உதிரும். அன்றைக்கு நான் இறக்கிவைத்துத் துணி போட்டு மூடியபோது மணி பன்னிரண்டு. படுத்ததும் தூங்கிவிட்டேன். காலையில் அம்மா காபியில் தொட்டுத் தொட்டு ஒரு துண்டைச் சாப்பிட்டு முடித்தார். நான்கு நாளைக்கு அப்புறம் அவர் கேட்டு வாங்கிச் சாப்பிட்டது அதுதான்.

மார்ச் முடியட்டும் என்று இருக்காதீர்கள். இந்தச் சனிக்கிழமை ராத்திரியே டப்பாக்களைத் திறந்து பாருங்கள். அடியில் என்ன கிடந்தது என்று எழுதுங்கள்.

அன்புடன்,
அக்கா