தட்டிலிருந்து கணினிக்கு: சிடி ரிப் செய்வோர் கேட்ட கேள்விகள்

வீடு மாறுகிறவர்களும் பெற்றோரின் வீட்டை ஒழித்துக் கொடுக்கிறவர்களும் ஒரே கேள்வியோடு வருகிறார்கள்: இந்தப் பழைய சிடிகளை என்ன செய்வது? தேக்காவிலும் சிராங்கூன் ரோட்டிலும் தேடித் தேடி வாங்கிய தட்டுகள். தூக்கிப்போட மனம் வராது, போட்டுக் கேட்க வீட்டில் பெட்டியும் இல்லை. கணினிக்கு மாற்றி வைத்துக்கொள்வதே வழி, அதைத்தான் 'ரிப்' செய்வது என்கிறோம். அதற்குத் திறமூல மென்பொருளே (நிரல் எல்லாருக்கும் திறந்திருக்கும் மென்பொருள்) போதும், காசு கொடுத்து எதுவும் வாங்க வேண்டாம். வந்த கேள்விகளில் பலருக்கும் உதவும் என்று தோன்றியவற்றை எடுத்திருக்கிறேன்.

கேள்வி: என் மடிக்கணினியில் சிடி போட இடமே இல்லை. எந்த டிரைவ் வாங்கலாம்? எந்த மென்பொருள்? (செங்காங் வாசகர்)

யுஎஸ்பியில் செருகும் மெலிசான டிவிடி டிரைவ் போதும், புளூரே தேவையில்லை. சிம் லிம் ஸ்குவேரில் கேட்டுப் பாருங்கள். வாங்கியதும் கணினியிலேயே நேராகச் செருகுங்கள். தட்டு சுழலத் தொடங்கும்போது டிரைவ் அதிக மின்சாரம் இழுக்கும். மலிவான யுஎஸ்பி ஹப்பால் அதைத் தாங்க முடியாமல் டிரைவ் 'டிக் டிக்' என்று திணறும், டிரைவே கெட்டுவிட்டது என்று நினைத்துக்கொள்வோம்.

விண்டோஸ் என்றால் கியூடூல்ஸ் தொகுப்பில் வரும் கியூரிப்பர், லினக்ஸ் என்றால் விப்பர். மேக்கில் ஃப்ரீஏசி, இது மற்ற இரண்டிலும் ஓடும். இணையத்தில் தேடும்போது ஃப்ரீஏசியின் பெயர் நடுவே முக்காற்புள்ளி (fre:ac) போட்டிருப்பதைப் பார்த்துத் திகைக்க வேண்டாம். எக்ஸாக்ட் ஆடியோ காப்பியைப் பலரும் சிபாரிசு செய்வார்கள். அருமையான மென்பொருள்தான், இலவசமும்கூட. ஆனால் திறமூலம் இல்லை.

கேள்வி: ஏறத்தாழ 400 தட்டுகள் இருக்கின்றன. எம்பி3 போதுமா, ஃபிளாக்தான் வேண்டுமா? காதுக்கு வித்தியாசம் தெரியுமா சார்?

காதுக்குப் பெரும்பாலும் தெரியாது. லேம் குறியாக்கியில் வி2 தரத்தில், அதாவது சராசரியாக நொடிக்கு 190 கிலோபிட் அளவில் செய்த எம்பி3யை நல்ல ஹெட்போனில் கேட்டாலும் மூலத்திலிருந்து பிரித்துச் சொல்வது கடினம். அப்படியிருந்தும் ஃபிளாக்கில்தான் எடுக்கச் சொல்வேன். 400 தட்டுகளை ஒவ்வொன்றாகப் போட்டு எடுக்கும் வேலையை வாழ்நாளில் இரண்டாம் முறை யாரும் செய்யப்போவதில்லை. எம்பி3 வெட்டி எறிந்த ஒலி திரும்பி வராது. ஃபிளாக் எதையும் எறிவதில்லை, சுருக்கி மட்டுமே வைக்கிறது. நாளை ஓபஸ் வடிவம் வேண்டும், எம்பி3 வேண்டும், இன்னும் பிறக்காத ஏதோ ஒன்று வேண்டும் என்றால் ஃபிளாக்கிலிருந்து எப்போதும் எடுத்துக்கொள்ளலாம், தட்டைத் தொடவே வேண்டாம்.

இடக் கணக்கு பயமுறுத்தாது. சிடியில் ஒலி நொடிக்கு 44,100 மாதிரிகள் (ஒலியை அளந்த புள்ளிகள்), ஒவ்வொன்றும் 16 பிட், இடது வலது என இரண்டு பக்கம். நிமிடத்துக்குச் சுமார் 10 மெகாபைட் பிடிக்கும். ஃபிளாக் அதைப் பாதிக்குச் சற்று மேலாகச் சுருக்கிவிடும். ஒரு தட்டுக்கு 400 மெகாபைட் என்று தாராளமாக வைத்தாலும் உங்கள் 400 தட்டும் 160 கிகாபைட்டில் அடங்கிவிடும். அதே அளவில் இன்னொரு டிஸ்கும் வாங்கி, இரண்டாம் பிரதியை வேறு வீட்டில் வையுங்கள்.

ஃபிளாக்கில் 0 முதல் 8 வரை நிலைகள் உண்டு. அவை கோப்பின் அளவையும் சுருக்க ஆகும் நேரத்தையும்தான் மாற்றும், ஒலியைத் தொடாது. இயல்பாக இருக்கும் 5 போதும்.

கேள்வி: கியூரிப்பரில் பாட்டெல்லாம் வந்துவிடுகிறது. ஆனால் அக்யுரேட்ரிப் பட்டியலில் இந்தத் தட்டே இல்லை என்கிறது. அப்பா வாங்கிய தமிழ் சிடிகளில் முக்கால்வாசி இப்படித்தான். தட்டு போலியா? ரிப் சரியாக வந்ததா என்று எப்படித் தெரிந்துகொள்வது? (தெம்பனிஸ் வாசகி)

போலி என்று முடிவுகட்டாதீர்கள். அக்யுரேட்ரிப் உங்கள் பாடலுக்கு ஒரு சரிபார்ப்பு எண் கணக்கிட்டு, இதே தட்டை ரிப் செய்த மற்றவர்களுக்குக் கிடைத்த எண்ணோடு ஒப்பிடுகிறது. முன்பின் அறியாத இருவர், வெவ்வேறு டிரைவில், ஒரே பிழையை ஒரே இடத்தில் செய்ய வாய்ப்பில்லை. எனவே எண் பொருந்தினால் ரிப் சரி. பொருத்திப் பார்க்க இன்னொருவர் வேண்டும், நம் தட்டுகளுக்கு அந்த இன்னொருவர் இல்லை என்பதுதான் சங்கடம். ஒரே படத்தின் தட்டு இந்தியாவில் ஒரு முறையும் வெளிநாட்டில் ஒரு முறையும் அச்சாகி, பாடல்கள் தொடங்கும் இடம் இம்மியளவு மாறியிருந்தாலும் பட்டியலுக்கு அவை இரண்டு வேறு தட்டுகள்.

பாட்டு வந்துவிட்டதே, அது போதாதா என்றால், போதாது. தரவு சிடியில் ஒவ்வொரு துண்டிலும் கூடுதல் பிழைதிருத்தக் குறியீடு இருக்கும். கோப்பு கெட்டிருந்தால் கணினி அங்கேயே நின்று சொல்லிவிடும். ஒலி சிடியில் ஒரு துண்டின் 2,352 பைட்டும் இசைக்கே போய்விடுகிறது, அந்தக் கூடுதல் காவல் கிடையாது. படிக்க முடியாத இடத்தை டிரைவ் அக்கம்பக்கத்து மதிப்புகளை வைத்து இட்டு நிரப்பிவிட்டு, ஒன்றும் நடக்காததுபோல் அடுத்த துண்டுக்குப் போய்விடலாம். உங்களுக்குக் கிடைப்பது ஒரு சின்ன 'டிக்' சத்தம். அதுவும் மிருதங்கத்தின் நடுவே விழுந்தால் காதில் படாது.

பட்டியலில் ஆள் இல்லாவிட்டால் அந்த இருவரும் நீங்களே ஆக வேண்டும். ஒரே தட்டை இரண்டு முறை, இரண்டு வெவ்வேறு ஃபோல்டர்களில் ஃபிளாக்காக எடுங்கள். ஃபிளாக் கோப்பின் தலைப்பகுதியில் உள்ளிருக்கும் ஒலிக்கு மட்டுமான எம்டி5 என்ற சரிபார்ப்பு எண் ஒன்று பதிந்திருக்கும். ஃபிளாக்கோடு வரும் மெட்டாஃபிளாக் கருவி அதைக் காட்டும். இரண்டு ஃபோல்டரிலும் ஐந்தாம் பாட்டின் எண் ஒன்றாக இருந்தால் இரு முறையும் ஒரே ஒலிதான் வந்திருக்கிறது. பாட்டின் பெயரை நடுவில் திருத்தியிருந்தாலும் பாதகமில்லை, பெயர் இந்த எண்ணில் சேராது. ஏழாம் பாட்டு மட்டும் மாறுகிறதென்றால் அந்த இடத்தில் தட்டைத் துடைத்துவிட்டு மறுபடி எடுங்கள். லினக்ஸில் விப்பர் வைத்திருப்பவர்களுக்கு இந்த வேலையே இல்லை, அது தானாகவே ஒவ்வொரு பாட்டையும் இரு முறை படித்து ஒப்பிடும்.

ஆழமான கீறலில் ஒரே டிரைவ் இரு முறையும் ஒரே பிழையைச் செய்வதும் உண்டு. சந்தேகமான தட்டுக்கு நண்பரின் டிரைவை இரவல் வாங்குங்கள். அப்போது இரண்டு டிரைவுக்கும் 'ஆஃப்செட்' திருத்தம் சரியாக இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு டிரைவ் மாடலும் சில ஒலி மாதிரிகள் முன்னோ பின்னோதான் படிக்கத் தொடங்கும். திருத்தாவிட்டால் நல்ல ரிப்பும் பொருந்தாது.

கியூரிப்பர் தனக்கென்று இன்னொரு தரவுத்தளமும் வைத்திருக்கிறது. பட்டியலில் இல்லாத தட்டை நீங்கள் எடுத்ததும் அதன் விவரம் அங்கே போய்ச் சேரும், பழுதைச் சரிசெய்ய உதவும் தகவலோடு. கிள்ளானிலோ டொராண்டோவிலோ இதே தட்டின் கீறல் விழுந்த பிரதியை வைத்திருப்பவருக்கு நீங்கள்தான் அந்த இன்னொருவர்.

கேள்வி: பாம் ஷெல்டரில் பத்து வருஷமாகக் கிடந்த பெட்டி. தட்டெல்லாம் பிசுபிசுப்பு, சிலவற்றில் புள்ளிப் புள்ளியாகப் பூஞ்சை. துடைத்தால் சரியாகுமா? (ஈசூன் வாசகர்)

நம் ஊர் ஈரப்பதத்துக்குக் காற்றே போகாத அந்த அறையைப் போல மோசமான இடம் வேறில்லை. பூஞ்சை மேலாகப் படிந்திருந்தால் போய்விடும். வெதுவெதுப்பான தண்ணீரில் ஒரு சொட்டு பாத்திரம் கழுவும் சோப்பு, மெத்தென்ற துணி, பிறகு நன்றாக அலசி நிழலில் உலர்த்துங்கள்.

துடைக்கும்போது நடுவிலிருந்து விளிம்புக்கு நேர்கோடாகத் துடைக்க வேண்டும், வட்டமாக வேண்டாம். சிடியின் பிழைதிருத்த முறை சுமார் இரண்டரை மில்லிமீட்டர் நீளப் பழுதைக்கூட முழுதாகச் சரிசெய்துவிடும். இசை பதிந்து சுற்றிச் சுற்றி ஓடும் தடத்தைக் குறுக்கே வெட்டும் கீறல் அதனால் பெரும்பாலும் பிழைத்துப்போகும். தடத்தோடே வளைந்து ஓடும் கீறல்தான் ஆளைக் கவிழ்க்கும், வட்டமாகத் துடைத்தால் அதைத்தான் நீங்களே உண்டாக்குவீர்கள்.

எல்லாரும் அடிப்பக்கத்தையே கவனிக்கிறார்கள். அங்கே 1.2 மில்லிமீட்டர் பிளாஸ்டிக் காவல் இருக்கிறது. படம் அச்சிட்ட மேல்பக்கத்தில் மெல்லிய பூச்சுக்கு அடியிலேயே அலுமினியப் படலம். தட்டை விளக்குக்கு நேரே தூக்கிப் பிடியுங்கள். ஊசி குத்தியதுபோல் ஒளிப்புள்ளிகள் தெரிந்தால் அங்கே படலம் போய்விட்டது, எந்த சோப்பும் அதைக் கொண்டுவராது. அந்தத் தட்டுகளை முதலில் ரிப் செய்யுங்கள். வீட்டில் எழுதிய சிடிகளுக்கும் அதே முன்னுரிமை கொடுங்கள், அவற்றின் சாயப் படலம் வெயிலும் சூடும் பட்டால் சீக்கிரம் மங்கும்.

கேள்வி: பாட்டுகளுக்குப் பெயர் தானாக வருவதில்லை. வந்தாலும் எழுத்துக்கூட்டல் கண்டபடி இருக்கிறது. தமிழிலேயே வைக்கலாமா அண்ணே?

தாராளமாக. ஃபிளாக்கின் குறிப்புகள் (பாட்டின் பெயர், பாடியவர் போன்றவை) யுனிகோடில்தான் இருக்கும், தமிழ் எழுத்து சிக்கலில்லாமல் நிற்கும். பெயர் சேர்க்க மியூசிக்பிரைன்ஸ் பிக்கார்ட் பயன்படுத்துங்கள். ஒரு காலத்தில் பாட்டுப் பெயர்களுக்கு எல்லாரும் நம்பியிருந்த ஃப்ரீடிபி தரவுத்தளம் 2020இல் மூடப்பட்டது. அங்கே ஆர்வலர்கள் தட்டச்சு செய்த தமிழ்ப் பெயர்களில் சுசீலாவும் இளையராஜாவும் ரோமன் எழுத்தில் ஆளுக்கொரு விதமாக வந்தார்கள். அத்தகைய பெயர்களை அப்படியே எடுத்துக்கொண்டால் ஒரே பாடகி உங்கள் பட்டியலில் நாலு பேராக நிற்பார்.

திரைப்பாடலுக்கு நான் சொல்லும் முறை இது: ஆல்பம் என்ற இடத்தில் படத்தின் பெயர், ஆல்பம் கலைஞர் என்ற இடத்தில் இசையமைப்பாளர், கலைஞர் என்ற இடத்தில் பாடியவர்கள். இருவர் பாடியிருந்தால் இடையில் '&' போட்டு ஒட்டாமல் இரண்டு தனிக் குறிப்புகளாகச் சேருங்கள், ஃபிளாக் அதை அனுமதிக்கும். கவிஞருக்குத் தனி இடம் உண்டு. அதை நிரப்ப எல்லாரும் சோம்பல்படுகிறார்கள், வாலியின் பாட்டை மட்டும் கேட்க வேண்டும் என்று ஒருநாள் தோன்றும்போது அதன் அருமை தெரியும். ஆல்பம் கலைஞரை மட்டும் விட்டுவிடாதீர்கள். அது காலியாக இருந்தால் பல பிளேயர்கள் ஒரே படத்தைப் பாடகர் வாரியாகத் துண்டு துண்டாக்கிக் காட்டும்.

நம் ஊரில் நிறைய விற்ற 'ஒரே தட்டில் இரண்டு படம்' வகையை எடுத்தவுடன் இரண்டு ஆல்பமாகப் பிரித்து, பாட்டு எண்ணையும் ஒன்றிலிருந்து தொடங்குங்கள். உறையின் பின்பக்கத்தைக் கைத்தொலைபேசியில் படமெடுத்து அதே ஃபோல்டரில் போடுங்கள். யார் பாடியது என்ற சர்ச்சை வரும்போது அதுதான் சாட்சி.

கேள்வி: கடையில் வாங்கிய சிடிதான், ஆனால் ஒலி மந்தமாக இருக்கிறது. எம்பி3யை வைத்து எழுதி விற்றிருப்பார்களோ?

ஸ்பெக் என்ற சிறிய திறமூல மென்பொருளில் ஃபிளாக் கோப்பைத் திறந்து பாருங்கள். ஒலியின் அலைவரிசைகளை நிறமாக வரைந்து காட்டும். நேராக சிடிக்கென்று பதிந்த ஒலி 20 கிலோஹெர்ட்ஸ்வரை போய்ப் படிப்படியாக மங்கும். 128 கிலோபிட் எம்பி3 வழியாக வந்த ஒலி 16 கிலோஹெர்ட்ஸ் பக்கத்தில் கத்தியால் வெட்டியதுபோல் பாட்டு முழுக்க ஒரே மட்டத்தில் நின்றுவிடும். மேலே வெறும் கறுப்பு. 1960களின் பாடல்களில் உயர் அலைவரிசை இயல்பாகவே குறைவு, ஆகவே உயரத்தைப் பார்க்காமல் வெட்டின் நேர்த்தியைப் பாருங்கள்.

கேள்வி: கச்சேரி சிடி. ஆலாபனை முடிந்து தானம் தொடங்கும் இடத்தில் எம்பி3யில் ஒரு விக்கல் வருகிறது. தட்டில் அப்படி இல்லை.

எம்பி3 ஒலியை 1,152 மாதிரிகள் கொண்ட கட்டங்களாகத்தான் அடைக்கும். கடைசிக் கட்டம் நிரம்பாவிட்டால் மௌனத்தால் நிரப்பும், தொடக்கத்திலும் கொஞ்சம் சேர்க்கும். எவ்வளவு சேர்த்தோம் என்று லேம் குறித்து வைக்கிறது, அதைப் படிக்கத் தெரியாத பிளேயர் மௌனத்தையும் சேர்த்து வாசிக்கிறது. ஃபிளாக்கில் இந்தத் தொல்லை கிடையாது. ராகம், தாளம் இரண்டுக்கும் நீங்களே குறிப்புப் பெயர் வைத்துக்கொள்ளலாம், ஃபிளாக் மறுக்காது.

கேள்வி: இதெல்லாம் சட்டப்படி சரியா?

சிங்கப்பூரில் 2021 நவம்பர் 21 முதல் நடப்பில் உள்ள பதிப்புரிமைச் சட்டத்தில் 'நியாயமான பயன்பாடு' என்ற விதிவிலக்கு இருக்கிறது. நோக்கம், படைப்பின் தன்மை, எடுத்த அளவு, சந்தை பாதிப்பு ஆகியவற்றைச் சேர்த்து எடைபோடுவார்கள். சொந்தத் தட்டைச் சொந்தக் காதுக்காகப் படியெடுப்பது ஒன்று, அதை வாட்ஸ்அப் குழுவில் ஏற்றுவது முற்றிலும் வேறு. இரண்டாவதைச் செய்யாதீர்கள். பிரதியை வைத்துக்கொண்டு தட்டை விற்பதையும் நான் சிபாரிசு செய்ய மாட்டேன்.

கேள்வி: ஐபோனின் மியூசிக் செயலி ஃபிளாக்கை ஏற்க மறுக்கிறது. அப்பாவின் காரிலோ தமிழ்ப் பெயரெல்லாம் கட்டம் கட்டமாகத் தெரிகிறது.

ஐபோனுக்கு விஎல்சி செயலி போடுங்கள், அல்லது எஃப்எஃப்எம்பெக் என்ற கருவி கொண்டு ஆப்பிளின் ஏலாக் வடிவத்துக்கு மாற்றுங்கள். அதுவும் எதையும் இழக்காத வடிவம், 2011 முதல் திறமூலம். காரின் திரையில் தமிழ் எழுத்துரு இல்லை, அதை நாம் சரிசெய்ய முடியாது. காருக்கென்று தனி எம்பி3 பிரதி எடுத்து, அதில் மட்டும் பெயர்களை ரோமன் எழுத்தில் வையுங்கள்.

கேள்வி: '100 பாடல்கள்' என்று போட்ட தட்டை ரிப் செய்ய முடியவில்லையே?

அது ஒலி சிடி இல்லை, எம்பி3 கோப்புகள் அடங்கிய தரவு சிடி. திறந்து அப்படியே இழுத்துப் போட்டுக்கொள்ளுங்கள், ஃபிளாக்காக மாற்றினால் அளவுதான் கூடும். நடுவில் படிக்காமல் தொங்கினால் குனூ டிடிரெஸ்க்யூ என்ற கருவி கொண்டு தட்டு முழுவதையும் ஒரே கோப்பாக நகலெடுங்கள். படிக்க முடிந்ததை முதலில் எடுத்துவிட்டு, அடம்பிடிக்கும் இடங்களுக்குத் திரும்பத் திரும்பப் போய்ப் பார்க்கும்.