பரணில் கிடந்த கொமடோரும் சந்தையில் வாங்கிய காட்ரிட்ஜும்

கேள்வி: நான் தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரத்துச் சாட்ஸ்வர்த்தில் வசிக்கிறேன். அருகிலுள்ள ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவர் தம் வீட்டுப் பரணில் கிடந்த கொமடோர் 64 கணினியை, பவர் சப்ளையும் கேசட் டிரைவும் சேர்த்து விற்பதாக விளம்பரம் செய்திருக்கிறார். விளம்பரத்தின் அடியில் ‘ஃபுட்ஸ்டூட்ஸ்’ என்று போட்டிருக்கிறார். வீட்டுக்குக் கொண்டுவந்த பிறகு ஓடாவிட்டால் பணத்தைத் திரும்பக் கேட்க முடியுமா? அவர் வீட்டிலேயே மின்சாரம் கொடுத்துப் பார்த்துவிடலாமா?

பதில்: இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில் சொல்கிறேன், அதில் அவசரப்பட்டால் வாங்குவதற்கே பொருள் இருக்காது. 1982-ல் வெளிவந்த இந்தக் கணினிக்கு முதல் எதிரி, கூடவே வந்த பவர் சப்ளைப் பெட்டிதான். அது கணினிக்கு 5 வோல்ட் நேர்மின்சாரமும் 9 வோல்ட் மாறுமின்சாரமும் தருகிறது. மற்ற சாதனங்களில் பழைய பவர் சப்ளை கெட்டால் பெரும்பாலும் மின்சாரம் குறையும் அல்லது நின்றுபோகும். இதிலோ மின்னழுத்தத்தைச் சீராக வைக்க உள்ளிருக்கும் ரெகுலேட்டர் தளர்ந்தால் 5 வோல்ட் மேலே ஏறிவிடுகிறது. கணினிக்குள் இருக்கும் ஃப்யூஸ் 9 வோல்ட் பாதையை மட்டுமே காக்கிறது என்பதால், ஏறிய மின்னழுத்தம் தடையில்லாமல் மெமரி சிப்களைச் சென்று தாக்குகிறது. பெரும்பாலான பெட்டிகளுக்குள் பிசின் ஊற்றி இறுக்கியிருப்பதால் திறந்து பழுது பார்க்கவும் வழியில்லை.

ஆகவே ஒரு மல்டிமீட்டரைக் கையில் எடுத்துச் செல்லுங்கள். கேபிளைக் கணினியில் செருகாமல், பவர் சப்ளையை மட்டும் சுவரில் போட்டு, வட்ட பிளக்கின் 5-ஆம் முள்ளுக்கும் 2-ஆம் முள்ளுக்கும் இடையே அளந்து பாருங்கள். 5.25 வோல்ட்டைத் தாண்டினால் அந்தப் பெட்டியைக் கணினியோடு சேர்க்கவே கூடாது. சரியாகக் காட்டினாலும் நம்பிவிட வேண்டாம். பாரமில்லாமல், அதாவது கணினியை இணைக்காமல், அளக்கும்போது ஒழுங்காக இருந்து, அரை மணி நேரம் சூடான பிறகு எகிறும் பெட்டிகள் உண்டு. என் கருத்தில், புதிதாகத் தயாராகும் மாற்றுப் பவர் சப்ளையின் விலையையும் சேர்த்தே இந்தக் கணினியின் விலையைக் கணக்கிட்டுப் பேரம் பேச வேண்டும். நல்ல மின்சாரத்தில் கணினி உயிரோடு இருந்தால், நீலத் திரையில் ‘38911 பேசிக் பைட்ஸ் ஃப்ரீ’ என்ற வரி தோன்றும். அந்த எண் குறைந்திருந்தால் மெமரியில் பழுது இருக்கிறது என்று கொள்ளலாம். திரை வெறுமையாகவே இருந்தால் பல சிப்களில் எதுவும் காரணமாக இருக்கலாம்.

இனிச் சட்டத்துக்கு வருவோம். 2008-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் (68-ஆம் எண்), பொருளைத் தொழிலாக விற்பவரிடம் வாங்கினால் 6 மாதம் வரை தர உத்தரவாதம் அளிக்கிறது. பழுது இருந்தால் சரிசெய்து தருவதா, வேறு பொருள் தருவதா, பணத்தைத் திருப்புவதா என்பதைத் தேர்ந்தெடுக்கும் உரிமை வாங்கியவருக்கு உரியது. பழைய பொருள் விற்கும் கடையும் இதற்கு விலக்கல்ல. ஆனால் ‘இன்ன பழுதோடுதான் தருகிறேன்’ என்று கடைக்காரர் வெளிப்படையாகச் சொல்லி நீங்களும் ஒப்புக்கொண்டிருந்தால், அந்தப் பழுதைக் காட்டிப் பின்னர் திருப்ப முடியாது. தம் வீட்டுப் பரணைக் காலி செய்யும் பெரியவர் வணிகர் அல்லர். அவருடைய விற்பனைக்குப் பொதுச் சட்டமே பொருந்துகிறது. அதில் ‘ஃபுட்ஸ்டூட்ஸ்’, அதாவது இருக்கிற நிலையிலேயே என்ற சொல், மறைந்திருக்கும் குறைகளுக்கான பொறுப்பிலிருந்து அவரை விடுவிக்கிறது. குறையை அறிந்திருந்தும் ஏமாற்றும் நோக்கத்தோடு மறைத்திருந்தால் மட்டுமே அந்தக் கவசம் உடையும். அதை நிரூபிக்கும் சுமை உங்கள் தலையில் விழும். அதனால் பணம் கொடுப்பதற்கு முன், ‘உங்களுக்குத் தெரிந்த பழுது ஏதாவது இருக்கிறதா, கடைசியாக எப்போது ஓடியது?’ என்று வாட்ஸ்அப்பில் மரியாதையாக ஒரு வரி கேட்டு, பதிலை அழிக்காமல் வைத்திருங்கள். மனக்கசப்பு இல்லாமல் ஒரு சாட்சி கிடைத்துவிடும்.

கேள்வி: நான் டர்பனை அடுத்த பீனிக்ஸ் வாசகி. என் கணவர் சிறுவயதில் ஆடிய ‘டிவி கேம்’ இன்னும் வீட்டில் ஓடுகிறது. அதற்காக ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் நிண்டெண்டோ காட்ரிட்ஜ்கள் வாங்க நினைக்கிறேன். அசல் எது, போலி எது என்று எப்படி அறிவது?

பதில்: முதலில் அது பொருந்துமா என்று பாருங்கள். 1990-களில் நம் வீடுகளில் இருந்த கோல்டன் சைனா போன்ற டிவி கேம்கள், நிண்டெண்டோ ஜப்பானில் விற்ற ஃபேமிகாம் இயந்திரத்தைப் பார்த்துச் செய்தவை. அவற்றின் காட்ரிட்ஜில் 60 தொடுமுனைகள் இருக்கும். மேலை நாடுகளில் விற்ற நிண்டெண்டோ காட்ரிட்ஜில் 72. இடையில் அடாப்டர் இல்லாமல் ஒன்று மற்றொன்றில் நுழையாது.

அசலா என்பது உள்ளே இருக்கும் பலகையில்தான் தெரியும். சில ஆண்டுகளுக்கு முன் நானே ஒரு சந்தையில் பளபளப்பான லேபிள் ஒட்டிய காட்ரிட்ஜை அசல் விலை கொடுத்து வாங்கினேன். வீட்டில் 3.8 மில்லிமீட்டர் சிறப்புத் திருப்புளியால் திறந்தபோது, சிப்கள் இருக்க வேண்டிய இடத்தில் கறுப்புப் பிசின் உருண்டை ஒன்றுதான் அப்பிக்கிடந்தது. அந்தக் காலத்து அசல் பலகையில் நிண்டெண்டோ பெயர் அச்சிட்டிருக்கும். சிப்கள் கால்களோடு தனித்தனியாகத் தெரியும். திறந்து காட்டச் சம்மதிக்காத விற்பனையாளரிடம் அசல் விலை கொடுக்காதீர்கள். மற்றபடி உங்கள் கணவரிடம் ‘999 விளையாட்டு’ காட்ரிட்ஜ் இருந்தால் அது பிசின் உருண்டையோடுதான் பிறந்தது, அதில் அதே சில விளையாட்டுகள் பெயர் மாற்றித் திரும்பத் திரும்ப வரும்; அது வேறு கதை, அதை அசலோடு ஒப்பிடுவது நியாயமில்லை.

ஆட்டத்தைச் சேமித்து வைக்கும் காட்ரிட்ஜ்கள் பலவற்றுக்குள் ஒரு சிறு நாணய பேட்டரி இருக்கும். அது தீர்ந்தாலோ, மாற்றுவதற்காகக் கழற்றினாலோ, சேமித்தவை அழிந்துவிடும். தொடுமுனைகளில் ஊதிச் சுத்தம் செய்யும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். கடற்காற்று ஈரத்தோடு மூச்சின் ஈரமும் சேர்ந்தால் உலோகம் இன்னும் விரைவாக அரிக்கும். காது குடையும் பஞ்சுக்குச்சியை ஐசோப்ரொபைல் ஆல்கஹாலில் தொட்டுத் துடைத்து, நன்றாகக் காய்ந்த பிறகு செருகுங்கள்.

கேள்வி: பீட்டர்மாரிட்ஸ்பர்க்கிலிருந்து எழுதுகிறேன். கனடாவில் உள்ள என் மைத்துனர் ஒரு பழைய அட்டாரி விளையாட்டு இயந்திரத்தை அனுப்புகிறேன் என்கிறார். வாங்கிக்கொள்ளலாமா?

பதில்: அன்பளிப்பை மறுக்கச் சொல்லமாட்டேன்; ஆனால் அதனுடன் வரும் 120 வோல்ட் அடாப்டரை நம் 230 வோல்ட் சுவரில் நேராகப் போட்டால் முதல் நாளே புகைந்துவிடும். அதன் வீடியோ முறை வட அமெரிக்கத் தொலைக்காட்சிகளுக்கான என்டிஎஸ்சி (NTSC). 1976-ல் தொலைக்காட்சி வந்த நாள் முதல் இங்கே இருப்பது ‘பால்’ (PAL) என்ற வேறு முறை என்பதால், ஆண்டெனா துளை வழியாக இணைத்தால் நிறமும் ஒலியும் ஒழுங்காக வராது. சுங்கத்தில் மதிப்புக் கூட்டு வரியும் கேட்கக்கூடும். பொருளின் மதிப்போடு 10 விழுக்காடு கூட்டி, சுங்கத் தீர்வை இருந்தால் அதையும் சேர்த்து, வரும் தொகைக்கு 15 விழுக்காடு கணக்கிடுவார்கள். அடாப்டரை விட்டுவிட்டு இயந்திரத்தையும் காட்ரிட்ஜ்களையும் மட்டும் அனுப்பச் சொன்னால் பொதியின் எடையாவது குறையும்.