ஆல்ப்ஸில் ஒரு குளிர்காலம் ரெப் வேலை: சனிக்கிழமையைக் கேட்டுவிட்டுச் சம்மதியுங்கள்

பாரிஸ் பக்கம் லா கூர்னேவிலிருந்து ஒரு தங்கை கேட்டிருக்கிறார். வயது 22, பிரெஞ்சு பாஸ்போர்ட், லிசான்ஸ் (இளங்கலைப் பட்டம்) முடித்தாயிற்று, பிரெஞ்சும் ஆங்கிலமும் சரளம். பிரிட்டிஷ் சுற்றுலா நிறுவனம் ஒன்றில் ரெப்பாக (விருந்தினரைக் கவனித்துக்கொள்ளும் பிரதிநிதியாக) சேர்ந்து ஆல்ப்ஸில் ஒரு குளிர்காலம் வேலை பார்க்க ஆசை, ஆனால் இதுவரை ஒருமுறைகூட ஸ்கீ (பனியில் சறுக்கும் பலகை) மாட்டியதில்லை. "அக்கா, ஸ்கீ தெரியாமல் எடுப்பார்களா? சீசன் முடியும்போது கையில் ஏதாவது மிஞ்சுமா? அம்மாவும் அப்பாவும் பயப்படுகிறார்கள், அவர்களுக்கு என்ன சொல்ல?" என்கிறார்.

பிரெஞ்சு ஆல்ப்ஸின் சவுவா மலைகளில் ரெப்பாக இருந்து, அப்புறம் ரெப்களை மேய்க்கும் மேனேஜராகவும் இருந்தவள் என்ற முறையில் சொல்கிறேன். ஸ்கீ தெரியாமல் எடுப்பார்கள். நேர்முகத்தில் அதைப் பற்றி ஒரு கேள்வி கேட்பார்கள், அதோடு சரி. அவர்கள் தேடுவது, களைத்து வந்திறங்கும் ஐம்பது பேரிடம் சிரித்த முகத்தோடு பேசி, எந்தப் பெட்டி எந்த ஹோட்டலுக்குப் போக வேண்டும் என்பதில் குழம்பாத ஆளை. பிரிட்டனில் வளர்ந்த பிள்ளைகளுக்கு இல்லாத இரண்டு விஷயம் உங்களிடம் இருக்கிறது. ஒன்று பாஸ்போர்ட். பிரெக்ஸிட்டுக்கு முன்னால் இந்த நிறுவனங்கள் லண்டனில் ஆள் எடுத்து, பிரிட்டிஷ் ஒப்பந்தத்திலேயே மலைக்கு அனுப்பிக்கொண்டிருந்தன. 2021 ஜனவரி 1 முதல் பிரிட்டிஷ் பாஸ்போர்ட்டில் விசா இல்லாமல் வந்தால் 180 நாளில் 90 நாள்தான் தங்கலாம், வேலை செய்யும் உரிமை கிடையாது; சீசனோ டிசம்பர் நடுவிலிருந்து ஏப்ரல் வரை ஓடுகிறது. அதனால்தான் விளம்பரங்களில் 'ஐரோப்பிய ஒன்றியத்தில் வேலை செய்யும் உரிமை கட்டாயம்' என்ற வரி வருகிறது. இரண்டாவது உங்கள் பிரெஞ்சு, அதைப் பற்றிக் கீழே சொல்கிறேன். பாஸ்போர்ட் இல்லாமல் பத்து வருட ரெசிடென்ட் கார்டு மட்டும் வைத்திருப்பவர்களும் இதைப் படிப்பீர்கள். பிரான்சுக்குள் உங்களுக்கும் தடை இல்லை. ஆனால் அந்தக் கார்டை வைத்துக்கொண்டு ஆஸ்திரியாவிலோ சுவிஸிலோ வேலை செய்ய முடியாது, அங்கே அனுப்புகிறோம் என்று சொன்னால் ஒத்துக்கொள்ள வேண்டாம்.

இனி வேலையைப் பார்ப்போம். ரெப் வேலை என்றால் என்ன என்று யார் கேட்டாலும் நான் சனிக்கிழமையைத்தான் சொல்வேன். வாரத்தின் மற்ற ஆறு நாளும் இந்த ஒரு நாளுக்காகத்தான். பெரும்பாலான ரிசார்ட்டுகளில் பழைய விருந்தினர் போவதும் புதியவர்கள் வருவதும் அன்றைக்குத்தான். விடியற்காலை மூன்று மணிக்கு எழுந்து, இருட்டில் ஹோட்டல் வாசலில் தலை எண்ணி, பஸ்ஸில் ஏற்றி, ஜெனீவாவுக்கோ ஷாம்பெரிக்கோ லியோனுக்கோ கூட்டிப்போய் விமானம் ஏற்றிவிட்டு, அதே விமான நிலையத்தில் பலகையைப் பிடித்துக்கொண்டு அடுத்த கூட்டத்துக்காக நிற்பீர்கள். ஒரு விமானம் தாமதமானாலும் பஸ் முழுக்கக் காத்திருக்கும், பொறுமை இழப்பவர்கள் முதலில் உங்களைத்தான் பார்ப்பார்கள். திரும்பும் வழியில் மைக் உங்கள் கையில். வானிலை, லிஃப்ட் பாஸ் (மலைமேல் ஏற்றும் கம்பி வண்டிகளுக்கான சீட்டு), வாடகைக்கு ஸ்கீ எடுக்கும் கடை, குழந்தைகளின் வகுப்பு எத்தனை மணிக்கு, எங்கே கூடுகிறது, எல்லாம் சொல்லி, முன்பதிவு செய்யாதவர்களிடம் படிவம் நிரப்பி வாங்க வேண்டும். மலைப்பாதையில் வளைந்து வளைந்து ஏறும் பஸ்ஸில், பாதிப் பேர் தூங்க, ஒரு குழந்தை வாந்தியெடுக்க, இதைச் சத்தமாகவும் தெளிவாகவும் சொல்ல வேண்டும். பழகினால் நன்றாக வரும், முதல் மாதம் எல்லோருக்கும் குரல் நடுங்கும்.

பனி கொட்டினால் இந்தச் சனிக்கிழமைதான் இன்னும் நீளும். தாரான்தேஸ் பள்ளத்தாக்கில் அல்பெர்வில் தாண்டி மூத்தியே வழியாகப் போகும் ஒரே பெரிய சாலையில்தான் கூர்ஷ்வெல், மெரிபெல், வல் தொரான்ஸ், லே ஸார்க், தீன்ய், வல் தீசேர் எல்லாவற்றுக்கும் போகிற கூட்டம் வந்து சேரும். 2014 டிசம்பர் 27 ஒரு சனிக்கிழமை. அன்று பனியில் சவுவா பகுதியில் சுமார் 15,000 வாகன ஓட்டிகள் சிக்கிக்கொண்டார்கள், ஊர்களில் பொதுக் கூடங்களைத் திறந்து இரவு படுக்க வைத்தார்கள். அந்த அளவுக்கு எப்போதும் ஆகாது. ஆனாலும் நாலரை மணி நேரம் ஓட்டினால் ஓட்டுநர் 45 நிமிடம் ஓய்வெடுத்தே ஆக வேண்டும் என்பது ஐரோப்பியச் சட்டம், ஒரு நாளைக்கு ஓட்டக்கூடிய நேரத்துக்கும் வரம்பு இருக்கிறது. நெரிசலில் அந்த நேரம் கரைந்துவிட்டால் ரிசார்ட் கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில் இருந்தாலும் அவர் வண்டியை நிறுத்துவார், நிறுத்தத்தான் வேண்டும். அப்போது விருந்தினரிடம் நிஜத்தைச் சொல்லுங்கள். "தெரியவில்லை, அரை மணி நேரத்தில் மறுபடி வந்து சொல்கிறேன்" என்று சொல்லிவிட்டு, புதுச் செய்தி இல்லாவிட்டாலும் அரை மணி நேரத்தில் எழுந்து நின்று அதையே சொல்கிற ரெப்பை யாரும் திட்டுவதில்லை. இதோ வந்துவிடும், இதோ வந்துவிடும் என்று சமாளிக்கிற ரெப்மீதுதான் கோபம் வரும்.

அதனால் நேர்முகத்தின் முடிவில் "ஏதாவது கேட்க வேண்டுமா" என்பார்களே, அங்கே இதைக் கேளுங்கள்: சனிக்கிழமை நான் எத்தனை மணிக்குத் தொடங்கி எத்தனை மணிக்கு முடிப்பேன், இரவும் பகலும் எப்படிப் பிரிக்கிறீர்கள், மறுநாள் எனக்கு எப்போது வேலை? பிரெஞ்சுச் சட்டப்படி பொதுவாக ஒரு நாளைக்கு 10 மணி நேர வேலைதான் உச்சம், இரண்டு நாள் வேலைக்கு நடுவில் 11 மணி நேர ஓய்வு வேண்டும், வாரத்துக்கு 48 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது. நல்ல நிறுவனம் அதிகாலைக் கூட்டத்தை ஒரு ரெப்புக்கும் மாலைக் கூட்டத்தை இன்னொரு ரெப்புக்கும் பிரித்து, அட்டவணையை எடுத்துக் காட்டும். "அதெல்லாம் சீசனில் பார்த்துக்கொள்ளலாம், நாங்கள் ஒரு குடும்பம் மாதிரி" என்று பதில் வந்தால் வேறு நிறுவனத்தைப் பாருங்கள். இந்த ஒரு கேள்வியிலேயே அவர்கள் உங்களை எப்படி நடத்துவார்கள் என்பது தெரிந்துவிடும்.

சரி, உங்கள் பிரெஞ்சுக்கு வருகிறேன். செவ்வாய்க்கிழமை பிற்பகல், போன் அடிக்கிறது. நீல நிறம் குறித்த சுலபமான சரிவில் விழுந்து ஒரு அம்மாவுக்கு முழங்கால் திரும்பிவிட்டது, சரிவுக் காவலர்கள் ஸ்லெட்ஜில் வைத்துக் கீழே மெடிக்கல் சென்டருக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். கணவர் இன்னும் மேலே எங்கோ இருக்கிறார், போனை எடுக்கவில்லை. பிள்ளைகளின் வகுப்பு நாலரைக்கு முடிகிறது. டாக்டர் எக்ஸ்ரே எடுத்துவிட்டு வேகமான பிரெஞ்சில் தசைநார் பற்றி ஏதோ சொல்கிறார், அந்த அம்மாவுக்கு ஒன்றும் புரியவில்லை, வலியைவிடப் பயம்தான் அதிகம். நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு வாக்கியமாக மொழிபெயர்க்கிறீர்கள். அப்புறம் அவருடைய காப்பீட்டு நிறுவனத்துக்குப் போன் போட்டு வழக்கு எண் வாங்க வேண்டும், விமானத்தில் பறக்கலாம் என்ற சான்றிதழை டாக்டரிடம் கேட்க வேண்டும், காலை நீட்டி உட்காரக் கூடுதல் இருக்கை தேவையா என்று பார்க்க வேண்டும், நடுவில் பிள்ளைகளைக் கூட்டிவர யாரையாவது அனுப்ப வேண்டும். இந்த நேரத்தில்தான் பில்லும் வரும். பிரான்சில் சரிவில் நடக்கும் மீட்புக்குக் கட்டணம் உண்டு. லிஃப்ட் பாஸோடு சில யூரோ சேர்த்து வாங்கும் 'காரே நெஜ்' காப்பீடோ சரியான பயணக் காப்பீடோ இருந்தால் அது பார்த்துக்கொள்ளும், பிரிட்டிஷ்காரர்கள் கொண்டுவரும் அரசு மருத்துவ அட்டை (ஜி.ஹெச்.ஐ.சி) மட்டும் இருந்தால் இதற்கு உதவாது. எனவே பஸ்ஸில் மைக் பிடிக்கும்போது இந்தக் காப்பீட்டைப் பற்றி நீங்கள் சொல்லும் அந்த இரண்டு நிமிடத்தை ஒருபோதும் விட்டுவிடாதீர்கள். இந்தச் செவ்வாய்க்கிழமைதான் எனக்கு இந்த வேலையில் பிடித்த பகுதி. மொழி தெரிந்த ஒருவர் பக்கத்தில் இருப்பது அன்றைக்கு அந்தக் குடும்பத்துக்கு எவ்வளவு பெரிய விஷயம் என்பதை, அப்பா அம்மாவுக்காக ப்ரெஃபெக்தூர் அரசு அலுவலகத்தில் மொழிபெயர்த்து வளர்ந்த நம் பிள்ளைகளுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

பணம். பிரெஞ்சு ஒப்பந்தம் என்றால் ஸ்மிக்குக்கு, அதாவது சட்டப்படியான குறைந்தபட்ச ஊதியத்துக்கு, குறைந்து தர முடியாது. 2024 நவம்பரில் நிர்ணயித்தபோது அது மணிக்கு 11.88 யூரோ, 35 மணி நேர வாரத்துக்கு மாதம் 1,801.80 யூரோவாக இருந்தது, இரண்டுமே பிடித்தங்களுக்கு முன். பெரும்பாலும் ஜனவரியில் மாறும், நீங்கள் கையெழுத்திடும்போது உள்ள தொகையைப் பாருங்கள். 35 மணி நேரத்துக்கு மேல் போனால் கூடுதல் விகிதம் உண்டு. அறை, லிஃப்ட் பாஸ், ஸ்கீ சாமான், சீருடை ஆகியவற்றை வழக்கமாக நிறுவனமே தரும், ஆனால் அறைக்கும் சாப்பாட்டுக்கும் சம்பளத்தில் எவ்வளவு பிடிக்கிறார்கள் என்பது எழுத்தில் இருக்க வேண்டும். ஒரு விஷயத்தில் நம் பிள்ளைகள் ஏமாந்துபோகிறார்கள்: சாதாரணத் தற்காலிக ஒப்பந்தம் முடிந்தால் கிடைக்கும் 10 சதவீதத் தொகை, சீசன் ஒப்பந்தத்துக்குப் பொதுவாகக் கிடையாது. அதைக் கணக்கில் சேர்க்க வேண்டாம். மிஞ்சுமா என்றால், மிஞ்சும், மதுக்கடையில் கரையாவிட்டால். மலைமேல் கடைகளில் எல்லாமே விலை கூட, வாராந்திரச் சாமானைக் கீழே மூத்தியேயிலோ பூர்-சேன்-மொரிஸிலோ வாங்குங்கள். மிளகாய்த்தூளும் பருப்பும் பாரிஸ் லா ஷப்பெலின் தமிழ்க் கடைகளிலேயே வாங்கிப் பெட்டியில் வையுங்கள், ஊழியர் அறையில் பெரும்பாலும் இரண்டு மின் அடுப்புதான் இருக்கும், ஆனால் அதில் சோறு வடிக்கலாம்.

அம்மா அப்பாவுக்கு. அவர்கள் பனிச்சரிவை நினைத்துப் பயப்படுவார்கள். குறியிட்ட, திறந்திருக்கும் சரிவுகளில் இருக்கும்வரை ஆபத்து மிகக் குறைவு, அதற்கு வெளியே, பாதுகாப்புக் கருவியும் அனுபவமுள்ள ஆளும் இல்லாமல் போகாதீர்கள். பனிச்சரிவு அபாயம் 1 முதல் 5 வரை தினமும் பலகையில் போட்டிருக்கும், 3 என்றால் 'நடுத்தரம்தானே' என்று நினைக்கிறார்கள், அது கணிசமான அபாயம் என்று அர்த்தம். நான் அதிகம் பயப்படுவது குடிக்குத்தான். நள்ளிரவில் குடித்துவிட்டுத் தனியாக அறைக்குத் திரும்பும் வழியில் பனியில் விழுந்து, குளிரில் விறைத்து இறந்துபோன இளைஞர்கள் ஆல்ப்ஸில் உண்டு. சீசன் ஊழியர்கள் மத்தியில் தினமும் குடிக்கக் கூப்பிடுவார்கள். வேண்டாம் என்று சொல்லலாம், முதல் வாரத்திலேயே சொல்லிவிட்டால் யாரும் வற்புறுத்த மாட்டார்கள். யாராக இருந்தாலும் இரவில் தனியாக நடக்க விடாதீர்கள், அவசரத்துக்கு 112. அறையைப் பெண்களோடு மட்டும் பகிர வேண்டும் என்பதை ஒப்பந்தத்துக்கு முன்பே மின்னஞ்சலில் கேட்டு, எழுத்தில் பதில் வாங்கி அம்மாவிடம் காட்டுங்கள். வாயால் சொல்லும் உறுதியைவிட அது அவர்களுக்குத் தெம்பாக இருக்கும்.

ஸ்கீ கற்பது பற்றி ஒரு சொல். சக ஊழியர் இலவசமாகச் சொல்லித் தருகிறேன் என்று முதல் நாளே உயரத்துக்குக் கூட்டிப்போவார். ஹெல்மெட் போட்டு, சிவப்புச் சட்டை ஈ.எஸ்.எஃப் (பிரெஞ்சு ஸ்கீ பள்ளி) ஆசிரியரிடம் இரண்டு மூன்று வகுப்பாவது எடுத்துக்கொண்டு மிகச் சுலபமான பச்சைச் சரிவில் தொடங்குங்கள். ஓய்வு நேரத்தில் கால் உடைந்தால் அது வேலை விபத்தாகக் கணக்கில் வராது, அதனால் உங்களுக்கும் ஸ்கீ காப்பீடு வேண்டும்.

விண்ணப்பம் கோடைக்கு முன்பே திறந்துவிடும், பயிற்சி நவம்பர் கடைசி வாக்கில். பெயர் தெரிந்த பெரிய நிறுவனங்கள் இரண்டு, சின்ன நிறுவனங்கள் இரண்டு என்று போடுங்கள். ஒப்பந்தத்தில் சோதனைக் காலம் இருக்கும், ஆறு மாதத்துக்குள்ளான ஒப்பந்தத்துக்கு அது இரண்டு வாரத்தைத் தாண்டக் கூடாது. அதற்குள் நீங்களும் விலகலாம், அவர்களும் விலக்கலாம். இப்போது இடம் கிடைக்காவிட்டாலும் விட்டுவிட வேண்டாம். கிறிஸ்துமஸ், புத்தாண்டு வாரங்களைத் தாங்க முடியாமல் சிலர் கிளம்பிப் போவது வழக்கம். பிப்ரவரிப் பள்ளி விடுமுறைக் கூட்டத்துக்கு ஆள் தேவை என்று ஜனவரி முதல் வாரத்தில் போன் வரும், பிரெஞ்சு பேசுகிறவர்களைத்தான் முதலில் கூப்பிடுவார்கள்.