மார்த்தாண்டம் அக்கா பதில்கள்: பிணம் இல்லாமல் ஒரு தொடர் வராதா?

கேள்வி: அக்கா, நான் ரப்பர் தோட்டத்தில் பால்வெட்டுக்குப் போகிறவள். விடியுமுன்னே போய் வெட்டி, பால் எடுத்துக் கொடுத்துவிட்டு வந்தால் மத்தியானம் கொஞ்சம் ஓய்வு. அப்போது போனில் தொடர் பார்ப்பேன். தமிழில் எதைப் போட்டாலும் முதல் பாகத்திலேயே ஒரு பொம்பளைப்பிள்ளை செத்துக் கிடக்கிறாள், இல்லாவிட்டால் காணாமல் போகிறாள். நம்ம ஆட்களுக்கு வேறே கதையே தெரியாதா? (ஒரு வாசகி, குலசேகரம்)

பதில்: உங்கள் ஆத்திரம்தான் எனக்கும் தங்கச்சி. கொஞ்சம் நீளமாகவே சொல்லுகிறேன்.

2022 ஜூனில் வந்த ‘சுழல்’ தொடரில் ஒரு சிமெண்ட் ஆலை எரிகிறது, அதே இரவில் ஒரு பள்ளிக்கூடப் பிள்ளை காணாமல் போகிறாள். அதே ஆண்டு டிசம்பரில் ‘வதந்தி’ வந்தது. அதில் பிள்ளையின் உடல் கிடைப்பதில்தான் கதையே தொடங்குகிறது. ‘விலங்கு’ போலீஸ் ஸ்டேஷனுக்குள் ஓடுகிற கொலைக் கதை. ஒவ்வொன்றாகப் பார்த்தால் உழைப்புள்ள தொடர்கள், குறை சொல்ல மனம் வராது. வரிசையாகப் பார்க்கும்போதுதான், கதை கிளம்புவதற்கு ஒரு பெண்பிள்ளையின் உயிர் போயே ஆகவேண்டும் என்று வழக்கமாகிவிட்டது உறைக்கிறது.

ஏன் இப்படி என்று எனக்குத் தோன்றுவதைச் சொல்லுகிறேன். சினிமாக் கொட்டகையில் டிக்கெட் எடுத்தவர் எழுந்து போக யோசிப்பார். வீட்டில் அப்படி இல்லை. அடுப்பில் பால் பொங்கினாலே போய்விடுவோம். எட்டுப் பாகத்துக்கும் ஆளை உட்கார வைக்க ஒரு கேள்வி தேவை. ‘கொன்றது யார்?’ என்பது எல்லாவற்றையும்விடச் சுலபமாகக் கிடைக்கிற கேள்வி. இன்னொன்று, ‘சுழல்’ 30க்கும் மேற்பட்ட மொழிகளில் போனது. நம்ம ஊர்க் கோயில் கொடைத் திருவிழா எதற்கு, சீதனப் பேச்சு என்றால் என்ன என்று வெளிநாட்டுக்காரனுக்கு விளக்க வேண்டும். பிணத்தை யாருக்கும் விளக்க வேண்டாம்.

ஆனால் கொலை இல்லாமலும் நெஞ்சு படபடக்க வைக்க முடியும் என்று தமிழிலேயே ஒருவர் காட்டிவிட்டார். 2023 ஜனவரியில் ஜீ5-ல் வந்த ‘அயலி’யைப் பாருங்கள். இயக்கியவர் முத்துக்குமார். பெண்பிள்ளை வயதுக்கு வந்தால் பள்ளிக்கூடத்தை நிறுத்திக் கல்யாணம் முடித்துவைக்கிற ஊர். டாக்டராக வேண்டும் என்று நினைக்கிற தமிழ்ச்செல்வி, தான் வயதுக்கு வந்ததையே மறைக்கிறாள். கதை அவ்வளவுதான். துப்பறிகிற அதிகாரியே வேண்டியிருக்கவில்லை. அவள் பாவாடையில் ஒரு கறை தெரிந்துவிடுமோ என்று எட்டுப் பாகமும் எனக்குக் கை நடுங்கியது. அந்த அம்மாவாக வரும் அனுமோள், மகளுக்காக மெல்ல மெல்லத் துணிகிறதை எத்தனை தடவை வேண்டுமானாலும் பார்ப்பேன்.

நம்ம கன்னியாகுமரி மாவட்டத்தில் இப்படிக் கதை குறைவா? அண்டி ஆபீசில், அதாவது முந்திரி ஆலையில், நாள் முழுக்கக் குந்தியிருந்து கொட்டை உடைத்துக் கை கறுத்த பெண்களில் எத்தனை பேர் பிள்ளைகளை நர்சிங் படிக்க அனுப்பினார்கள்! அதில் ஒரு வீட்டை எடுத்தாலே எட்டுப் பாகம் வரும். 2017 நவம்பர் கடைசியில் ஒக்கிப் புயல் அடித்தபோது நம்ம கடற்கரை வீடுகளில் போனைக் கையில் பிடித்துக்கொண்டு நின்ற பெண்களை நினையுங்கள். அதைவிடப் பெரிய ‘அடுத்து என்ன’ எந்தக் கொலைக் கதையில் இருக்கிறது?

தோள்சீலைப் போராட்டத்தைச் சொல்லாமல் விட முடியாது. மாராப்புப் போடும் உரிமைக்காக இந்த மண்ணின் பெண்கள் அடிபட்டு, சந்தையில் துணி கிழிக்கப்பட்டு, தலைமுறை தலைமுறையாக நின்ற கதை அது. 1859 ஜூலை 26-ல் திருவிதாங்கூர் அரசு அறிவிப்பு கொடுத்தது. அப்போதும் நாடார் பெண்கள் மாராப்பு போடலாம், ஆனால் மேல்சாதிப் பெண்கள் உடுத்துகிற மாதிரி உடுத்தக்கூடாது என்ற நிபந்தனையோடுதான் கொடுத்தது. நம்ம பகுதி திருவிதாங்கூர்-கொச்சியில் இருந்தபோது, 1954 ஆகஸ்ட் 11-ல் தமிழ்நாட்டோடு சேரவேண்டும் என்று கேட்டவர்கள் மீது மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் துப்பாக்கிச் சூடு நடந்தது. 1956 நவம்பர் 1-ல் நாம் சேர்ந்தோம். இவற்றை எடுக்க ஆள் வரவேண்டும் என்று இந்தப் பக்கத்தில் நான் கேட்டுக்கொண்டேதான் இருப்பேன்.

கேள்வி: ‘வதந்தி’ நம்ம கன்னியாகுமரியில் நடக்கிற கதை என்று தோழிகள் சொல்லி, இப்போதுதான் பார்த்தேன். எனக்குப் பிடித்தது. அப்பா, “இது நம்ம ஊரே இல்லை” என்று பாதியில் எழுந்துவிட்டார். யார் சொல்லுவது சரி? (கல்லூரி மாணவி, நாகர்கோவில்)

பதில்: ரெண்டு பேர் சொல்லுவதிலும் நியாயம் இருக்கிறது மக்களே.

முதலில் உன் பக்கம். ஆண்ட்ரூ லூயிஸ் எடுத்த இந்தத் தொடரில் சினிமா ஷூட்டிங் நடக்கிற இடத்தில் ஒரு பெண்ணின் உடல் கிடைக்கிறது. நடிகை என்று நாடே நினைக்கிறது. பிறகுதான் அது லாட்ஜ் நடத்துகிற ரூபி என்ற ஆங்கிலோ இந்தியப் பெண்ணின் மகள் வெலோனி என்று தெரிகிறது. போலீஸ்காரராக வரும் எஸ்.ஜே. சூர்யா விசாரிக்கப் போகிற இடத்தில் எல்லாம் ஆளுக்கொரு வெலோனியைச் சொல்லுகிறார்கள். அவள் அப்படி, அவள் இப்படி என்று. கேட்கக் கேட்க, சொல்லுகிறவனின் ஆசையும் அழுக்கும்தான் நமக்குத் தெரிகிறது. பேச முடியாதவளைப் பற்றி ஊர் எவ்வளவு பேசும் என்பதை இவ்வளவு பொறுமையாகச் சொன்ன தொடர் தமிழில் நான் வேறு பார்க்கவில்லை. முந்தின பதிலில் பிணத்தை வைத்துக் கதை தொடங்குவதை எதிர்த்தேன். இந்தத் தொடருக்கு மட்டும் அந்தச் சாவு தேவைப்படுகிறது, ஏனென்றால் அதன் கதையே செத்தவளைப் பற்றிய பேச்சுதான்.

இனி அப்பா பக்கம். நம்ம மாவட்டத்தில் தோவாளைக்காரர் பேச்சில் நெல்லை ஓட்டம் இருக்கும், விளவங்கோட்டுக்காரர் பேச்சில் மலையாள ஓட்டம். முட்டம், குளச்சல் கடற்கரைக்கு வந்தால் பேச்சின் வேகமே வேறே. பஸ்சில் ஏறி வாயைத் திறந்தால் எந்தப் பக்கத்து ஆள் என்று சொல்லிவிடலாம். அந்த வித்தியாசம் தொடரில் என் காதில் விழவில்லை. மழை வருகிறது, காடு வருகிறது, கடல் வருகிறது. இங்கே வாழுகிறவன் காலையில் எழுந்து என்ன வேலைக்குப் போகிறான் என்பது எனக்குப் போதுமான அளவு கிடைக்கவில்லை. இது இன்று வந்த வழக்கமும் இல்லை. 1981-ல் ‘அலைகள் ஓய்வதில்லை’யும் 1986-ல் ‘கடலோரக் கவிதைகள்’ படமும் முட்டத்தில் எடுத்தார்கள். முட்டத்துப் பாறையைத் தமிழ்நாடே பார்த்தது. முட்டத்துக்காரர் பேசுவதைக் கேட்டவர் எத்தனை பேர்?

அப்பாவை மறுபடி உட்கார வை. ஊரை மறந்துவிட்டு, அந்தத் தாய் ரூபியாக வரும் லைலாவை மட்டும் கவனித்துப் பார்க்கச் சொல்லு.

கேள்வி: நாங்கள் ஆழ்கடல் போட்டில் போனால் திரும்ப வாரக்கணக்காகும். கரையில் இருக்கும்போதே படங்களை டவுன்லோடு பண்ணிக்கொண்டு போவோம். நடுக்கடலில் திறந்தால் சில படம் ஓடமாட்டேன் என்கிறது. காசு கட்டித்தானே பார்க்கிறோம்? (மீனவர், தூத்தூர்)

பதில்: தம்பி, காசு கட்டியவருக்கு இந்த விவரத்தை முன்னாலேயே தெளிவாகச் சொல்லாதது தப்புதான். நீங்கள் இறக்குகிற படம் உங்கள் போனில் இருந்தாலும் அதன் பூட்டுச் சாவி கம்பெனியிடம் இருக்கிறது. ஒவ்வொரு படத்துக்கும் ஒரு கெடு உண்டு. அந்தக் கெடு முடிந்தால் ஆப் இணையத்தில் போய்ப் புதுப்பித்துக்கொள்ளப் பார்க்கும். நடுக்கடலில் சிக்னல் ஏது? படம் நின்றுவிடும். சில படங்கள் நீங்கள் பார்க்கத் தொடங்கின 48 மணி நேரத்தில் பூட்டிக்கொள்ளும்.

அதனால் தேங்காப்பட்டணம் துறைமுகத்தில் ஐஸ் ஏற்றுகிற அன்றைக்கே இறக்குங்கள், ஒரு வாரம் முன்னால் வேண்டாம். ஆப்பில் இறக்கிய படங்களின் பட்டியலைத் திறந்தால் கெடு நெருங்குகிற படத்துக்குக் கீழே மிச்ச நாள் காட்டும். குறைந்த நாள் உள்ளதை முதலில் பாருங்கள். எதையும் கொஞ்சம் பார்த்துவிட்டு அப்புறம் பார்ப்போம் என்று விடாதீர்கள், தொடங்கினால் முடித்துவிடுங்கள். தரத்தைக் குறைத்து இறக்கினால் போனில் இரண்டு மடங்கு படம் கொள்ளும், அந்தச் சின்னத் திரையில் பெரிய வித்தியாசம் தெரியாது. ஒரே கணக்கில் எத்தனை போனில் இறக்கலாம் என்பதற்கும் வரம்பு உண்டு. போட்டில் ரெண்டு மூன்று பேர் தனித்தனிக் கணக்கு வைத்திருந்தால் ஆளுக்குக் கொஞ்சம் பிரித்து இறக்கிக்கொள்ளுங்கள். பத்திரமாகப் போய் வாருங்கள்.

கேள்வி: ‘மெய்யழகன்’ தியேட்டரில் பார்த்தபோது இழுவையாக இருந்தது. அதையே வீட்டில் பார்த்தபோது அழுதுவிட்டேன். எனக்கு என்ன ஆயிற்று? (அரசு ஊழியர், திங்கள்நகர்)

பதில்: உங்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. நீங்கள் பார்த்ததே ரெண்டு படம். 2024 செப்டம்பர் 27-ல் தியேட்டருக்கு வந்து, சில நாளில் சுமார் 18 நிமிடத்தை வெட்டினார்கள். நீங்கள் முதல் நாள்களில் போயிருப்பீர்கள். அக்டோபர் 25-ல் நெட்ஃபிளிக்ஸில் வந்தது குறைந்த படம். அது பாதிக் காரணம். மீதி என்னவென்றால், பேர்கூட ஞாபகம் வராத ஒரு சொந்தக்காரன் ராத்திரி முழுக்க அன்பு காட்டுகிற கதை அது. அதைப் பார்க்கும்போது நமக்கும் யாராவது ஒரு சித்தப்பா மகன் ஞாபகத்துக்கு வரவேண்டும். வீட்டில் அதற்கு நேரம் கிடைக்கிறது, நடுவில் நிறுத்திவிட்டு யோசிக்கவும் முடிகிறது. எனக்கு அந்த வெட்டிய நிமிடங்களும் பிடித்திருந்தன.

கேள்வி: ஆரல்வாய்மொழியில் பிறந்து களியக்காவிளையில் கல்யாணம் முடித்தவள் நான். வீட்டில் எல்லாரும் மலையாளப் படம் மலையாளத்திலேயே பார்க்கிறார்கள். நான் தமிழ் டப்பிங் போட்டால் மாமி சிரிக்கிறார்கள். (ஒரு வாசகி, களியக்காவிளை)

பதில்: மாமி சிரிக்கட்டும், பக்கத்தில் உட்கார்ந்து அவர்களிடமே அர்த்தம் கேளுங்கள். மார்த்தாண்டத்தில் நான் கேசட் கடை வைத்திருந்த காலத்தில் ஒரு அலமாரி தமிழ், ஒரு அலமாரி மலையாளம். ரெண்டும் ஒரே அளவு ஓடும். தமிழ் மட்டும் தெரிந்த எத்தனையோ பெண்கள் மலையாளக் கேசட் எடுத்துப் போவார்கள். திருப்பிக் கொடுக்கும்போது கதையை அச்சுப் பிசகாமல் சொல்லுவார்கள். டப்பிங்கில் வாய் அசைவுக்காக வசனத்தை நீட்டியும் குறுக்கியும் விடுகிறார்கள். அது நடிப்பைக் கொன்றுவிடும். கீழே தமிழில் எழுத்து (சப்டைட்டில்) ஓடவிட்டு மலையாளத்திலேயே பாருங்கள், நாலு படத்தில் காது பழகிவிடும்.

தொடங்குவதற்கு ‘உள்ளொழுக்கு’ சொல்லுகிறேன். 2024-ல் வந்தது, கிறிஸ்டோ டோமி இயக்கியது. குட்டநாட்டில் வெள்ளம் ஏறி நிற்கிறது, வீட்டில் ஒரு சாவு, தண்ணீர் வடிந்தால்தான் அடக்கம் பண்ண முடியும். அந்தக் காத்திருப்பில் ஒரு மாமியாரும் மருமகளும். 2021 நவம்பரில் குழித்துறை ஆறு கரை மீறி வந்ததைப் பார்த்தவர்களுக்கு அந்த வீட்டின் ஈரம் விளக்காமலே புரியும். மாமியாராக வரும் ஊர்வசிக்கு இதற்காகத் தேசிய விருது கிடைத்தது. 1983-ல் ‘முந்தானை முடிச்சு’ பரிமளமாக வந்த அதே ஊர்வசி! மருமகளாக வரும் பார்வதி அவருக்கு ஈடாக நிற்கிறார். இதை உங்கள் மாமியோடு சேர்ந்து பாருங்கள் என்று வேண்டியே கேட்கிறேன்.

கேள்வி: ஒவ்வொரு கம்பெனிக்கும் தனித்தனியாகக் காசு கட்டினால் கட்டுப்படியாகுமா? டெலிகிராமில் எல்லாம் சும்மா வருகிறதே? (வாசகர், கோட்டாறு)

பதில்: சும்மா வருவது திருட்டுச் சரக்கு அண்ணாச்சி, வேண்டாம். ஒரிஜினல் கேசட்டைக் காசு கொடுத்து வாங்கி வாடகைக்கு விட்டுப் பிழைத்தவள் நான். அடுத்த தெருவில் கள்ளக் கேசட் வந்தபோது என் கடையில் வேலை பார்த்த பிள்ளைகளுக்குத்தான் முதலில் சம்பளம் முட்டியது. படம் எடுக்கிற இடத்தில் லைட் தூக்குகிறவருக்கும் அதே கதிதான்.

எல்லாவற்றையும் ஒரே சமயத்தில் வைத்திருக்க வேண்டியதில்லை. ஒரு மாதத்துக்கு ஒன்று மட்டும் கட்டுங்கள். பார்க்க வேண்டியதை ஒரு தாளில் எழுதி வைத்து அந்த மாதத்துக்குள் பார்த்துவிட்டு நிறுத்துங்கள், அடுத்த மாதம் வேறொன்று. தானாகப் பணம் பிடிக்கிற ஏற்பாட்டைக் கட்டின அன்றைக்கே நிறுத்திவிடுங்கள். நிறுத்தினாலும் அந்த மாதம் முடியும்வரை பார்க்கலாம்.

கேள்வி: ‘சுழல்’ இரண்டாவது சீசனை மட்டும் பார்த்தால் புரியுமா? (வாசகர், தக்கலை)

பதில்: புதுக் கொலை, புது ஊர், புதுத் திருவிழா என்பதால் கதை புரியும். ஆனால் ஐஸ்வர்யா ராஜேஷின் நந்தினி ஏன் சிறையில் இருக்கிறாள், போலீஸ்காரராக வரும் கதிர் ஏன் அவளுக்காக இவ்வளவு துடிக்கிறார் என்பது முதல் சீசன் பார்த்தவர்களுக்குத்தான் வலிக்கும். முதலில் அந்த எட்டுப் பாகத்தையும் முடித்துவிட்டு வாருங்கள்.