முதியோர் இல்லத்தில் முகம் பார்க்கும் கண்ணாடி: நர்ஸ் அக்காவிடம் கேளுங்கள்

அக்கா, அப்பா வீல்சேரில் இருக்கிறார். இல்லத்து வாஷ்பேசின் கண்ணாடியில் அவருக்குத் தலைமுடி மட்டும்தான் தெரிகிறது.

நின்று பார்ப்பவர்களுக்காக மாட்டியது அது. வீல்சேரில் உட்கார்ந்தால் கண் தரையிலிருந்து சுமார் நாலடியில்தான் இருக்கும். அமெரிக்காவின் மாற்றுத்திறனாளிகள் சட்ட (ஏ.டி.ஏ.) விதிப்படி, வாஷ்பேசினுக்கு மேலே இருக்கும் கண்ணாடியின் கீழ்விளிம்பு தரையிலிருந்து 40 அங்குலத்தைத் தாண்டக் கூடாது. மற்ற சுவர்களில் 35. நீங்களும் அந்த அளவையே கேட்கலாம். இறக்கி மாட்ட வழியில்லையா? மேல்பக்கம் கட்டை கொடுத்து முன்னால் சாய்க்கச் சொல்லுங்கள். அப்பாவை எதிரே உட்கார வைத்துப் பார்த்துவிட்டு ஆணி அடிக்கட்டும்.

அம்மாவுக்கு மறதி நோய். கண்ணாடிக்குள் யாரோ இருப்பதாகச் சொல்லி, அவளுக்கும் சோறு போடச் சொல்கிறார். இல்லத்தில் எல்லாருடைய கண்ணாடியையும் கழற்றிவிட்டார்கள்.

அல்சைமர் என்ற மறதி நோய் வந்தவர்களுக்கு இப்படி நேர்வது உண்டு. தன் முகமே அடையாளம் தெரியாமல் போகும். அம்மா பயப்படுகிறாரா என்று முதலில் பாருங்கள். சிரித்துப் பேசுகிறார் என்றால் பேசட்டும், திருத்த வேண்டாம். குளியலறைக்குள் போக மறுத்தால், யாரோ பார்க்கிறார்கள் என்ற கூச்சமாக இருக்கலாம். அந்தக் கண்ணாடிக்கு மட்டும் துணித் திரை போடுங்கள். இருட்டியதும் ஜன்னல் கண்ணாடியிலும் முகம் தெரியும், அதையும் மறந்துவிடாதீர்கள்.

ஆனால் ஒருவருக்காக எல்லாருடையதையும் கழற்றியது தவறு. நான் வேலை பார்த்த ஓர் இல்லத்திலும் அப்படித்தான் செய்தார்கள். ஒரு பாட்டி தினமும் காலையில் எவர்சில்வர் தட்டைத் திருப்பிப் பிடித்துப் பொட்டு வைத்துக்கொள்வார். தட்டில் முகம் இழுத்துக்கொண்டு தெரியும், பொட்டு புருவத்தின் மேல் போய் உட்காரும். யாராவது விருந்தாள் வந்தால் முந்தானையால் அழித்துவிடுவார். கைக்கண்ணாடி ஒன்று வாங்கிக் கொடுத்தேன். தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டார்.

உடைந்தால் ஆபத்து என்கிறார்களே?

அக்ரிலிக் கண்ணாடி வாங்குங்கள். சில்லுச் சில்லாகச் சிதறாது. சீக்கிரம் கீறல் விழும், மெல்லிய துணியால் துடைக்க வேண்டும்.

அப்பாவுக்குச் சர்க்கரை. குனிந்து பாதம் பார்க்க முடியவில்லை.

கைக்கண்ணாடியைப் பாதத்துக்கு அடியில் பிடித்து தினமும் பார்க்கச் சொல்லுங்கள். உணர்ச்சி குறைந்த பாதத்தில் புண் வந்தாலும் வலிக்காது, கண்ணால்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

பக்கவாதத்துக்குப் பிறகு பெரியம்மாவின் வாய் கோணிவிட்டது. கண்ணாடியைக் காட்டலாமா?

அவரிடமே கேளுங்கள். வேண்டாம் என்றால் வற்புறுத்தாதீர்கள், பிறகு ஒருநாள் மறுபடி கேளுங்கள். சரி என்றால், முதல் தடவை பக்கத்தில் உட்காருங்கள். தலைவாரி, முகம் துடைத்து, அப்புறம் கையில் கொடுங்கள்.