சுவாவில் இருவர் குடித்தனம்: கேள்வி பதில்

கேள்வி: அக்கா, என் கணவருக்கு ஃபிஜியில், சுவாவில் வேலை. அன்றாட வாழ்க்கை எப்படி இருக்கும்?

பதில்: முதலில் நல்ல குடையாக இரண்டு வாங்குங்கள். தென்கிழக்குக் காற்று மலையில் முட்டி மழையை இந்தப் பக்கம் கொட்டிவிடும். தீவின் மேற்கே நாந்தி, லௌடோகா ஊர்கள் பக்கம்தான் வெயில். சனிக்கிழமை காலையில் இருவரும் சந்தைக்குப் போங்கள். கிழங்கும் காயும் பெரும்பாலும் எடைக்கு இல்லை, கூறு கட்டி வைத்திருப்பார்கள். தலோ என்பது நம் சேப்பங்கிழங்கின் பெரிய வகை. வெண்டை, கத்தரி, கறிவேப்பிலை எல்லாம் கிடைக்கும். மசாலாவும், இங்கே தண்ணீரில் கலந்து குடிக்கும் கவா என்ற செடியின் வேரும் சந்தை மாடியில். பேருந்துக்குக் கட்டண அட்டை எடுத்துக்கொள்ளுங்கள். பல வண்டிகளில் ஜன்னல் கண்ணாடி இருக்காது. மழை வந்தால் தார்ப்பாயை இறக்கிவிடுவார்கள்.

கேள்வி: அங்கே தமிழ் பேசுவார்களா?

பதில்: 1903 முதல் சென்னை வழியாகக் கரும்புத் தோட்டங்களுக்கு வந்தவர்களின் வம்சம் இங்கே பெரியது. கவுண்டர், முதலியார், நாயுடு எல்லாரையும் பார்ப்பீர்கள். ஆனால் வீட்டில் பெரும்பாலும் ஃபிஜி இந்திதான். அதைக் கற்றுக்கொள்ளுங்கள், சீக்கிரம் ஒட்டிக்கொள்வார்கள்.

கேள்வி: சுவாவில் நீலக்கடல் பீச் எங்கே?

பதில்: நகரத்தில் இல்லை, சேறும் அலையாத்திக் காடும்தான். பீச்சுக்குப் பசிபிக் ஹார்பர் என்ற ஊருக்குப் போக வேண்டும், சுமார் 50 கிலோமீட்டர். கிராமத்துக் கடற்கரை என்றால் முதலில் அனுமதி கேளுங்கள். ஊருக்குப் பக்கத்திலேயே போக வேண்டுமென்றால் தோலோ இ சுவா காட்டுக் குளங்கள். கடலில் இறங்கினால் காலில் செருப்போடு இறங்குங்கள். பவளம் கீறிய காயம் சுலபத்தில் ஆறாது.

கேள்வி: தேனிலவு பேக்கேஜ் எவ்வளவு?

பதில்: பயண முகவரிடம் கேளுங்கள். மூன்றாவது முறையாக இதே கேள்வி வருகிறது.

கேள்வி: கிராமத்துக் கடற்கரைக்குப் போக அனுமதி கேட்க வேண்டும் என்கிறீர்கள். கடற்கரை அரசாங்கத்துடையதுதானே?

பதில்: அலை ஏறி இறங்கும் பட்டை சட்டப்படி அரசுடையதுதான். அதை அடையும் பாதை? நாட்டின் நிலத்தில் பத்தில் ஏறத்தாழ ஒன்பது பங்கு பூர்வகுடிக் குலங்களுடையது. கடலில் மீன்பிடி உரிமையும் வழிவழியாக அவர்களுக்கு உண்டு. நீங்கள் நடக்கப் போவது ஒரு குடும்பத்தின் முற்றம் வழியாக. சந்தையில் கவா வேர்க்கட்டு ஒன்று வாங்கி ஊர்த்தலைவரிடம் வையுங்கள். அதற்கு செவுசெவு என்று பெயர். தொப்பியைக் கழற்றுங்கள், தோளையும் முழங்காலையும் மூடுங்கள், யார் தலையையும் தொடாதீர்கள். கொட்டாங்குச்சியில் கவா நீட்டினால் ஒருமுறை கைதட்டி, 'புலா' என்று சொல்லி, ஒரே மூச்சில் குடித்து, மூன்று முறை தட்டுங்கள். நாக்கு மரத்துப்போகும், பயப்பட வேண்டாம்.

கேள்வி: அதே ஆள்தான். காசு கொடுத்தால் போதாதா?

பதில்: நுழைவுக் கட்டணம் கேட்கும் இடத்தில் காசு கொடுங்கள். கிராமத்தில் காசு வேறு, மரியாதை வேறு. செவுசெவுவை ஏற்றுக்கொண்டால் நீங்கள் அவர்கள் விருந்தாளி. எந்த இடத்தில் நீரோட்டம் இழுக்கும் என்று அவர்களே கூட வந்து காட்டுவார்கள். என் கணவரும் நானும் அப்படிக் காட்டிய இடத்தில்தான் குளிக்கிறோம்.

கேள்வி: செருப்பில்லாமல் கொஞ்ச தூரம்...

பதில்: வேண்டாம்.

கேள்வி: எந்த மாதம் வரலாம்?

பதில்: நவம்பர் முதல் ஏப்ரல் வரை புயல் காலம். 2016 பிப்ரவரியில் வின்ஸ்டன் புயல் அடித்தது அந்தக் காலத்தில்தான். ஜூலையில் வாருங்கள்.